சரசரக்கும் போர்வை

இரண்டு பெண்கள் ரகசியம் பேச வேண்டுமென்றால் அடுக்களையில் மிக்சி ஓட வேண்டும். இல்லையென்றால் தெருவில் கல்யாண வீட்டுப் பாட்டாவது அலற வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை. மின்வெட்டு நேரம். மத்தியானச் சாப்பாடு முடிந்து எங்கள் தெரு மொத்தமும் சத்தம் காட்டாமல் கிடந்தது. உள் அறையில் என் வீட்டுக்காரர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

வாசலில் செல்வி நின்றாள். ஆமத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்துப் பெண். தோளில் இரண்டரை மாதக் குழந்தை. கக்கத்தில், பத்து நாளைக்கு முன் நான் தைத்துக் கொடுத்த போர்வை. பஸ் ஏறி, வெயிலில் நடந்து, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஒருத்தி போர்வையைத் திருப்பிக் கொண்டுவந்தால் அது பாராட்டுவதற்காக இருக்காது.

"அக்கா, இந்தப் போர்வைக்குள்ள என்னமோ இருக்குக்கா" என்றாள்.

நான் உதட்டில் விரலை வைத்தேன். "மெல்லப் பேசு தாயி. உள்ள ஆளு தூங்குறாக."

அவள் பாவம், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போர்வைக்குத்தான் அந்த இங்கிதம் இல்லை. அவள் அதை விரித்ததும் சரசரவென்று ஒரு சத்தம். பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிப்பார்களே, அந்தச் சத்தம்.

"பிள்ளை காலை உதைச்சா சத்தம், நாங்க தூக்கி மடிச்சா சத்தம். எலி பூந்துருச்சுன்னு எங்க வீட்டுக்காரரு கம்பைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாக. பிள்ளை நல்லாத்தேன் தூங்குது. எங்களுக்குத்தேன் தூக்கம் போச்சு."

தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காகிதம். உள்ளே விட்டுவிட்டேன். பயந்துவிட்டேன். காகிதத்துக்காக இல்லை, உள்ளே படுத்திருந்த மனிதருக்காக. அவர் காதில் இந்தப் பேச்சு விழுந்தால் நாலு வருஷமாக நான் சந்தோஷமாகச் செய்துவந்த ஒரு காரியம் அந்த நிமிஷத்தோடு முடிந்துபோகும்.

ஏன் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன். செல்வி வாசலிலேயே நிற்கட்டும். வேண்டாம், பிள்ளைக்காரி. உள்ளே வந்து உட்காரட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை

என் வீட்டுக்காரருக்கு விருதுநகரில் மிளகாய் வத்தலும் மல்லியும் விற்கிற கமிஷன் கடை. வத்தல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கை வத்தலை அள்ளிக் காதோரம் குலுக்குவார்கள். உள்ளே விதை கலகலவென்று பேசினால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சத்தம் அமுங்கி வந்தால் ஈரம் வாங்கியது. கடையோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் தேங்காய், வேர்க்கடலை, அப்பளக் கட்டு, தீப்பெட்டி எதுவும் அவர் காதுக்குப் போகாமல் அடுக்களைக்கு வந்ததில்லை. கல்யாணமான புதிதில் என் கொலுசைக் கூட ஒரு தரம் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு முத்து கழண்டு கெடக்கு" என்றார். கழன்றுதான் கிடந்தது.

பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்க வெளியூர் போன வருஷம், மச்சு அறையைக் காலி செய்து தரும்படி கேட்டேன். கடையில் இடம் பற்றாத மூட்டைகளை அங்கேதான் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்றார். போர்வை தைக்க என்றேன்.

"போர்வைதேன் கடைகடையா தொங்குதே?"

"இது பழைய சேலையில தைக்கிறது. துண்டு துண்டா வெட்டி, ஒட்டுப்போட்டு, மூணு அடுக்கா வச்சுத் தைக்கிறது."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வியாபாரக் குடும்பம். வீட்டில் பெண்பிள்ளை கந்தலை ஒட்டுப்போட்டுக் கொண்டிருக்கிறாள் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அதை வெளியே வாயால் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு மூட்டைகளை இறக்கச் சொன்னார். கூடவே நிபந்தனை ஒன்றும் வந்தது.

"இந்தா பாரு சபுரா. ஊராளுகளுக்குத் தைச்சுக் குடுத்தா நம்ம கடைப் பேரும் அதுல சேந்துதேன் போகும். ஒரு மூட்டை வத்தல் சொத்தைனு பேராச்சுன்னா அப்புறம் ஒருத்தனும் வாசலை மிதிக்க மாட்டான். அதனால, ஒரே ஒரு குறை வந்தாலும் அன்னையோட எல்லாத்தையும் ஏறக்கட்டிறணும். சரியா?"

சரி என்றேன். மச்சு அறை கிடைக்கிறதென்றால் நான் எதற்கும் சரி சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒன்று. இவர் சொன்னால் சொன்னதுதான். கடையில் வாயால் ஒரு விலை சொல்லிவிட்டால், மறுநாள் சந்தை எப்படி ஏறினாலும் இறங்கினாலும் அந்த வார்த்தையை மாற்ற மாட்டார். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறேன் என்றால் காய்ச்சலோடு வந்து பஸ்ஸில் ஏறுவார். அதனால் அந்த நிபந்தனையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

முதல் போர்வையிலேயே வில்லங்கம் வந்தது. மதுரையில் இருக்கிற என் தங்கைக்குத் தைத்து அனுப்பினேன். அதைப் போர்த்திய ஆள் ஒருத்தர் விடாமல் தும்மியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் வத்தல் மூட்டை கிடந்த அறை அல்லவா, நெடி துணியில் ஏறிவிட்டது. தங்கை போனில் சிரித்துக்கொண்டே சொன்னதை இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்தேன்.

மோவாயைத் தடவினார். "தும்முனாகன்னுதேன் சொன்னா. போர்வையைக் குறை சொல்லலையே" என்றார். "நெடி நம்ம சரக்கோட நெடி. அது கணக்குல வராது."

அன்று நான் மச்சு அறையின் சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

என் வாரம்

போர்வை தைக்கிறவளுக்கு வாரம் எப்படிப் போகும் என்று இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். போகவே போகாது, அவ்வளவு மெதுவாகப் போகும். அதுதான் அதில் சுகமே.

திங்கட்கிழமை பழைய சேலைகளை ஊறவைத்துக் கசக்கி மொட்டைமாடியில் காயப்போடுவேன். எங்கள் ஊர் வெயிலைத் திட்டாதவர்கள் இல்லை. நான் திட்டமாட்டேன். பத்து மணிக்குப் போட்ட சேலை பதினொன்றுக்கெல்லாம் மொறுமொறுவென்று இருக்கும். அதை எடுத்து முகத்தில் ஒரு தரம் வைத்துக்கொள்வேன். யாரும் பார்க்கவில்லை என்றால் இரண்டு தரம்.

வெட்டுகிற வேலை மறுநாள். என் கத்தரிக்கோலைப் பற்றிப் போன வாரமே எழுதித் தீர்த்துவிட்டேன். அதில் காகிதம் வெட்டிய என் தம்பி காதரோடு எட்டு நாள் பேசாமல் இருந்ததையும் சேர்த்து.

காலையில் கண் தெளிவாக இருக்கும்போதே பத்து ஊசியில் நூலைக் கோத்து ஒரு பஞ்சுப் பொதியில் குத்தி வரிசையாக வைத்துக்கொள்வேன். பிறகு நாள் முழுக்க ஊசிக்குக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது கைக்கு வரும். இந்தச் சின்ன ஏற்பாட்டில் எனக்கு இருந்த பெருமையை அளவு சொல்ல முடியாது. ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

மின்வெட்டு வந்தால் ஊரே சபிக்கும். எனக்குக் கொண்டாட்டம். நாலு வீட்டு டிவியும் ஒரே நேரத்தில் வாயை மூடும். சன்னலோரம் உட்கார்ந்தால் நூல் துணிக்குள் போய்வருகிற சத்தம்கூடக் கேட்கும். கரண்ட் வந்ததும் பக்கத்து வீட்டில் "ஏய்" என்று பிள்ளைகள் கத்தும்போது, அடச்சே என்று இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிகிற வரைக்கும் ஊசியைத் தொடமாட்டேன். அடுக்களையே சரியாக இருக்கும். ஞாயிறு சாயங்காலம் தொடவே முடியாது, ஏனென்றால் இவர் எண்ணெய் பரோட்டா வாங்கி வருவார். எங்கள் ஊர் பரோட்டாவைத் தின்ற கையை எத்தனை தரம் கழுவினாலும் மறுநாள் காலை வரை துணி பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரு வாரம் அவசர வேலை இருந்தது. பரோட்டா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வாசனை வந்ததும் போர்வை தோற்றுவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய சுகம், மூன்று அடுக்கையும் தரையில் விரிக்கிற நாள். அடியில் ஒரு முழுச் சேலை, நடுவில் மெத்தென்று நைந்த இன்னொன்று, மேலே ஒட்டுப்போட்ட துணி. சுருக்கம் இல்லாமல் நீவிவிட வேண்டும். நீவுகிற சாக்கில் அதன் மேலேயே கொஞ்ச நேரம் படுத்துக்கொள்வேன். அப்படிப் படுத்தால்தான் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று முதுகுக்குத் தெரியும் என்று இவரிடம் ஒரு தரம் விளக்கினேன். "ஆமா ஆமா" என்றார்.

பருத்திக்குப் பஞ்சமில்லாத ஊர்

இந்த வேலைக்குப் பருத்திச் சேலைதான் வேண்டும். அப்போதெல்லாம் எந்த ஊரில் பார்த்தாலும் பெண்கள் வழவழ சேலைக்கு மாறிவிட்டிருந்தார்கள். துவைக்க லேசு, தேய்க்க வேண்டாம். ஆனால் எங்கள் பக்கம் மட்டும் பழைய பருத்திச் சேலை மூட்டை மூட்டையாகக் கிடைத்தது. காரணம், பட்டாசு. சிவகாசி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆலைக்குள் போகிற பெண்கள் பருத்திதான் உடுத்த வேண்டும். வழவழ துணி உரசினால் பொறி பறக்கும், வெடிமருந்து இருக்கிற இடத்தில் அது ஆகாது. அதனால் வேலைக்குப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் கொடி நிறையப் பருத்தி தொங்கும்.

செல்வியும் அப்படிப் போய்க்கொண்டிருந்தவள்தான். அவள் கணவர் மாரிமுத்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஓட்டுகிறவர். அந்த வேனில்தான் செல்வியும் போய்வந்தாள். பிள்ளை உண்டானதும் மருந்துப் பக்கம் போக வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். சும்மா இருக்கப் பிடிக்காமல், பட்டாசுக்கான காகிதக் குழாய்களை வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுத்தாள். சீசன் நேரம் வேறு, ஆர்டர் குவிந்து கிடந்ததாம்.

ஏழாவது மாதம் அவள் என்னிடம் வந்தாள். கையில் ஆறு பழைய சேலை, எல்லாம் அவள் ஆலைக்கு உடுத்தியவை.

"பெறக்கப்போற பிள்ளையைப் புதுத்துணில போடக்கூடாதுங்கிறாகல்லக்கா. பழசு நல்லா மெத்துனு இருக்கு. இதுல ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்றாள்.

சேலைகளை நான் மூன்று தரம் அலசினேன். மருந்து வாடை துளி இல்லை. ஆனால் ஒரு பச்சைச் சேலையின் கரையில் மட்டும் வெள்ளிப் பொடி மினுக்கிக்கொண்டே இருந்தது. அந்தத் துண்டை வெட்டித் தள்ளிவிட்டேன். பிள்ளை வாயில் வைக்கும்.

தம்பி கொண்டுவந்த காகிதம்

இனி காகிதக் கதை. துணியைக் கட்டம் கட்டமாக வெட்டினால் என்னதான் கவனமாக இருந்தாலும் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று இழுத்துக்கொண்டு போகும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். காகிதத்தைச் சரியான சதுரமாக வெட்டி, துணியை அதன்மேல் வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து, பிடிப்புக்கு ஒரு நூல் ஓட்டிவிடுவேன். இப்போது எல்லாக் கட்டமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஒன்பது கட்டத்தை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தபிறகு, பிடிப்பு நூலை உருவி, காகிதத்தைப் பின்பக்கமாக எடுத்துவிட வேண்டும்.

காகிதத்துக்கு எங்களுக்கு என்ன குறை? காதர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தான். கலர் தப்பிய காலண்டர் தாள், வெட்டு பிசகிய பட்டாசு லேபிள் என்று கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவான். என் போர்வைகளின் முதுகில் தைக்கிற வரைக்கும் மயிலும் ரோஜாவும் ராக்கெட்டும் இருக்கும். எனக்கு மட்டும் தெரிந்த வேடிக்கை அது.

வழக்கமாக அவன் தருவது தடித்த தாள். விரலுக்கே தட்டுப்படும். செல்வி போர்வைக்கு அவன் கொண்டுவந்தது மெல்லிசான லேபிள். "இது நல்லா மடங்கும்க்கா" என்றான். மடங்கியது. துணியோடு துணியாகக் கையை ஏமாற்றியது.

கை ஏமாந்தால் காது இருக்கிறது. மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்கு முன்னால், மேல்துணியை இரண்டு கையாலும் கசக்கிப் பார்ப்பது என் வழக்கம். எங்கேயாவது காகிதம் தங்கியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கும் கசக்கினேன். ஆனால் எதிர்வீட்டில் காதுகுத்து, மூன்று நாள் பாட்டு. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி நேராக என் மச்சைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் பத்து எலி ஓடியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. எண்பத்தோரு காகிதத்தில் எழுபத்திரண்டை எடுத்திருந்தேன். நட்டநடுவில் ஒன்பது உள்ளேயே தங்கிவிட்டது. பாட்டு நல்ல பாட்டு வேறு, தலையாட்டிக்கொண்டே தைத்துவிட்டேன்.

பிள்ளை பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் முடிந்தது. அந்தப் பாட்டு ஓய்வதற்குள் மடித்து, பிள்ளைக்காக துஆ செய்து வேண்டிக்கொண்டு, கடைக்குக் கொடுத்தனுப்பினேன். வேனில் போகிற வழியில் மாரிமுத்து இவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுபடியும் அந்த மத்தியானம்

செல்வியைக் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப்போனேன். தண்ணீர் கொடுத்தேன். போர்வையை விரித்துப் போட்டு, மேல்துணியில் நடுக்கட்டங்களுக்கு இடையே ஒரு சாண் தையலைப் பிரித்தேன்.

"குறைனு சொல்லிறாத தாயி. ஒரு அரை மணி நேரம். இங்கனயே சரி பண்ணித் தாரேன்" என்று அவள் காதோடு சொன்னேன்.

"நான் என்னக்கா குறை சொல்லப்போறேன்?" என்று அவளும் கிசுகிசுத்தாள்.

ஒவ்வொரு காகிதமாக உருவினேன். மெல்ல உருவினால் நீளமாகச் சத்தம் வந்தது. வெடுக்கென்று உருவினால் குட்டையாக, ஆனால் பெரிதாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் உள் அறையைப் பார்த்துக்கொண்டேன். துண்டு முகத்தில் அப்படியே இருந்தது. குறட்டை இல்லை என்பதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்திருக்க வேண்டும். வந்ததிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, முதல் காகிதம் வெளியே வந்ததுமே வாயை மூடிக்கொண்டு என் கையையே பார்த்தது. ஒன்பதாவது வந்ததும் காலை உதைத்தது. "உன் புள்ளைக்கு என்னைப் பிடிச்சுருச்சுடி" என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். மனிதருக்குத்தான் எவ்வளவு நினைப்பு!

பிரித்ததைத் தைத்துக் கொடுத்தேன். போர்வை ஊமையாகிவிட்டது. செல்வி நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள். ஒன்பது காகிதத்தையும் சுருட்டி, அடுக்களை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் திணித்துவிட்டேன். குப்பையில் போட்டால் கண்ணில் படும்.

இவர் எழுந்து வந்தார். டீ கேட்டார். "யாரோ வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

"பால்காரரு" என்றேன்.

"ம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. பத்து ஊசியைக் கோத்து வைத்தேன், ராணி மாதிரி இல்லை. துணியை விரித்தேன், படுக்கத் தோன்றவில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றிய அறை. உள்ளே போனாலே திருடிய இடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். சொன்னால் அவர் வார்த்தைப்படி ஏறக்கட்டச் சொல்வார், வேறு வழியே இல்லை அவருக்கு. வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவைக் கூடப் பாதியில் வைத்துவிட்டேன். இவர் அந்தப் பாதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை

ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பிள்ளை அழுகிற சத்தம். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை, தெருமுனையிலிருந்தே கேட்டிருக்கும்.

செல்வி. கண் இரண்டும் சிவந்து, தலைகூடச் சரியாக வாராமல் நின்றாள். பின்னால் மாரிமுத்து. கக்கத்தில் போர்வை.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றது. இந்தத் தரம் உதட்டில் விரல் வைக்கக்கூட முடியாது. ஆள் முழித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்க வாங்க. சாப்பிட்டீகளா?" என்றார் இவர்.

"சாப்பாடு கெடக்கட்டும் பாயண்ணே" என்றாள் செல்வி. என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அந்தச் சத்தத்தைத் திரும்ப உள்ள வச்சுத் தாங்கக்கா."

"என்னது?"

"சத்தம்க்கா! ஒரு வாரமா இவ கண்ணை மூடலை. தொட்டில் ஆட்டுனாலும் அழுகா, தோள்ல போட்டாலும் அழுகா. நேத்து அம்புட்டு ஆத்தாமைல பழைய பழக்கத்துல உக்காந்து ரெண்டு குழாய் சுத்துனேன். காகிதம் சரசரன்னதும் பட்டுனு நிறுத்திட்டா. சுத்தச் சுத்தத் தூங்கிட்டா. அப்பத்தேன் எனக்கு உறைச்சுச்சு. வயித்துல இருந்தப்ப மாசக்கணக்கா கேட்ட சத்தம்லக்கா அது. பெறந்ததுல இருந்து சிணுங்கிக்கிட்டே கெடந்தவ, உங்க போர்வை வந்த பெறகுதேன் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூங்குனா. அதைப்போயி நாங்க எடுக்கச் சொல்லிட்டோம்."

மாரிமுத்து தலையைச் சொறிந்தார். "நாந்தேன் எலின்னேன்" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்காக மனசு குளிர்ந்தது. ஆனால் "எடுக்கச் சொல்லிட்டோம்" என்ற சொல் நடுவீட்டில் விழுந்துவிட்டதே. போர்வை ஒரு தரம் திரும்பி வந்தது என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. நான் இவர் முகத்தைப் பார்க்காமல் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் கையைக் கழுவினார். நிதானமாகத் துடைத்தார்.

"சபுரா, பருப்பு டப்பாவுக்குப் பின்னால சுருட்டி வச்சிருக்கியே, அந்தக் காகிதத்தை எடுத்துட்டு வா" என்றார்.

"உங்களுக்கு எப்படி..."

"மாரிமுத்து கைல குடுக்கையிலயே கேட்டுச்சு. ஏதோ புது மாடல்னு நெனச்சேன்."

"அப்ப அன்னைக்கு மத்தியானம்..."

"ரெண்டு பேரு கிசுகிசுங்கிறீக, ஒம்போது தரம் காகிதத்தை இழுக்கிறீக, அப்புறம் பருப்பு டப்பாவை நகத்துறீக, எவனுக்குத் தூக்கம் வரும்? பால்காரரு மத்தியானம் ரெண்டு மணிக்கா வருவாரு?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொன்னா சொன்னபடி செய்யணுமே" என்றார். "குறை என் காதுக்கு வந்தா நிறுத்தணும். எனக்கு ஒண்ணும் வரலை. நாந்தேன் தூங்கிக்கிட்டிருந்தேனே."

செல்வியும் மாரிமுத்துவும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, குழம்பு நெடி என்றேன். வத்தல்காரர் வீட்டில் அதற்கு மட்டும் எப்போதும் வசதி உண்டு.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒன்பது காகிதத்தையும் இவர் வரிசையாக எடுத்துக் காதோரம் வைத்துக் கசக்கிப் பார்த்தார். "இது ஈரம் வாங்கிருச்சு" என்று இரண்டைத் தள்ளினார். அதற்குப் பதிலாகச் சுவரில் தொங்கிய காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, குலுக்கிப் பார்த்து, "இது நல்ல சரக்கு" என்று கொடுத்தார். துவைக்கும்போது எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வசதியாக, நடுவில் ஒரு பை மாதிரி வைத்து, நாடா போட்டுத் தைத்தேன். தைக்கிற வரைக்கும் செல்வி என் கூடவே மச்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை அந்தப் போர்வையில் போட்டோம். ஒரு தரம் காலை உதைத்தது. சரசரவென்றது. இன்னொரு உதை. மூன்றாவது உதைக்கு முன்னால் தூங்கிவிட்டது.

கீழே இவர் மத்தியானத் தூக்கத்துக்குத் துண்டை உதறிக்கொண்டிருந்தது கேட்டது. நானும் செல்வியும் வாய்விட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவள்தான் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா, மெல்லப் பேசுங்க, பாயண்ணே தூங்குறாகள்ல" என்றாள்.

"அவுக தூங்கட்டும். நீ சத்தமாவே பேசு" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், மத்தியான நேரத்தில் நான் குரலைத் தாழ்த்தியதே இல்லை.